கெராங் ஓடும் சிவப்பு மருந்தும்



ஞாயிற்றுக்கிழமை மாலை வேலைகளை விட்டுவிட்டு, ஸ்கூடாய், மாசாய், கூலாய் என்று பல இடங்களிலிருந்து ஒரு மருந்தைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். உங்களில் பலர் வீட்டில் யாராவது ஒருவர் கீமோ எடுத்திருப்பார். சிலர் நீங்களே எடுத்திருப்பீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் மருந்திலிருந்தே தொடங்குகிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் பலர் ஒரு சிவப்பு மருந்தை ஆயுளுக்கும் மறப்பதில்லை. ஊசிக்குழாயில் பளிச்சென்று இருக்கும். தாதி பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாக நரம்பில் ஏற்றுவார். அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்துவிடுவார்கள். இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டும். நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே அழுகிப் புண்ணாகும். அதன் பெயர் டோக்சோரூபிசின்.

மருத்துவமனை மருந்தாளுநராக அந்த மருந்தைக் கலந்து கொடுத்தவன் நான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், இரண்டு அடுக்குக் கையுறை போட்டு, ஒரு துளி வெளியே சிந்தாமல் கலக்க வேண்டும். கலப்பவர் தோலில் படக்கூடாத மருந்தை நோயாளியின் நரம்பில் செலுத்துகிறோம். அந்த வேலையில் இருந்தவர்களுக்கு இது உறுத்தாமல் இருக்காது. இந்த உறுத்தலிலிருந்து பிறந்ததுதான் இன்று நான் பேச வந்த விஷயம்: மருந்தை உடம்பெங்கும் கொட்டாமல், மிக நுண்ணிய உறைக்குள் அடைத்துப் புற்றுக்கட்டிக்கு மட்டும் அனுப்ப முடியுமா? நானோ மருந்தேந்திகள் என்று சொல்வது இதைத்தான்.

இந்தச் சிவப்பு மருந்து மண்ணிலிருந்து வந்தது. இத்தாலியில், ஏட்ரியாட்டிக் கடலோரப் பகுதியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் இருந்தது. அது சிவப்புச் சாயம் ஒன்றைச் சுரந்தது. 1960களில் இத்தாலிய மருந்து நிறுவனம் ஒன்று அதிலிருந்து புற்றை அழிக்கும் பொருளைப் பிரித்தெடுத்தது. கடலின் பெயரையே வைத்து அட்ரியாமைசின் என்று அழைத்தார்கள். உயிரணுவின் டிஎன்ஏ இழைகளுக்கு நடுவில் இந்த மருந்து நுழைந்துகொள்ளும், அதன்பின் அந்த உயிரணுவால் பெருக முடியாது. புற்றணு வேகமாகப் பெருகுவதால் முதலில் அடி வாங்குகிறது. ஆனால் முடிவேரும் வேகமாகப் பெருகுவதுதான். வாயின் உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாமும் அப்படித்தான். முடி கொட்டுவதற்கும் வாய்ப்புண் வருவதற்கும் இதுவே காரணம்.

முடி திரும்ப முளைக்கும். இதயம் அப்படியில்லை. டோக்சோரூபிசின் இதயத் தசையைக் கெடுக்கிறது, அந்தக் கேடு ஒவ்வொரு தவணையிலும் கூடிக்கொண்டே போகும். அதனால் ஒருவர் வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு பெறலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 450 முதல் 550 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் இதயம் செயலிழக்கும் ஆபத்து வேகமாக ஏறுகிறது. கட்டி சுருங்கிக்கொண்டிருக்கும்போதே, கணக்கு முடிந்துவிட்டது, இனி இந்த மருந்து வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்த வேண்டி வரும். நோயாளிக்கு அதைப் புரியவைப்பது எளிதல்ல.

இலக்கை மட்டும் தாக்கும் மருந்து என்ற கனவு பழையது. ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதை மாயத் தோட்டா என்றார். கனவு இருந்தது, உறை இல்லை. உறை கிடைத்தது 1960களில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள பாப்ரஹாமில். அலெக் பேங்ஹம் என்ற ஆய்வாளர் முட்டை மஞ்சள்கருவில் இருப்பதுபோன்ற கொழுப்பை நீரில் கலந்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். கொழுப்பு தானாகவே உருண்டு, உள்ளே நீரை அடைத்த நுண்ணிய குமிழிகளாக நின்றது. இதற்கு லிப்போசோம் என்று பெயர் வந்தது. நம் உயிரணுவின் சவ்வும் இதே வகைக் கொழுப்பால் ஆனதுதான், ஆகவே உடம்புக்கு இது அந்நியம் இல்லை. உள்ளே மருந்தை அடைத்தால் ஆயிற்று என்று பலரும் நினைத்தார்கள்.

அடைப்பதும் அனுப்புவதும் 30 ஆண்டு வேலையாகிவிட்டது. ஜெருசலம் ஹடாஸா மருத்துவமனையில் பாரன்ஹோல்ஸ், கபிசோன் என்ற இருவர் 1980களின் நடுவில் லிப்போசோமில் டோக்சோரூபிசினை ஏற்றி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முதல் வடிவம் தோற்றது. மருந்து பாதி வழியிலேயே கசிந்தது, மீதியைக் கல்லீரல் பிடித்து வைத்துக்கொண்டது.

கல்லீரல் ஏன் பிடிக்கிறது? நம் ஜொகூர் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் அத்தனை பேரும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும். ரத்தத்தில் ஓடும் அந்நியத் துகள் ஒவ்வொன்றும் அப்படித்தான் கல்லீரலையும் மண்ணீரலையும் கடந்தாக வேண்டும். அங்கே காவலுக்கு நிற்கும் விழுங்கணுக்கள் தெரியாத முகத்தைப் பார்த்தால் நிறுத்திவிடும். அளவும் ஒரு பிரச்சினை. துகள் ஐந்தாறு நானோமீட்டருக்குக் குறைந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். 200 நானோமீட்டருக்கு மேல் போனால் மண்ணீரலில் சிக்கும். ஒரு சிவப்பு ரத்த அணு ஏறக்குறைய 7,000 நானோமீட்டர் அகலம். நாம் பேசும் துகள் அதில் எழுபதில் ஒரு பங்கு.

இரண்டு நுணுக்கங்கள் காரியத்தைச் சாதித்தன. ஒன்று, குமிழியின் மேல் பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற நீர்விரும்பும் இழைகளை நட்டார்கள். அவை நீரை இழுத்துப் போர்த்திக்கொள்வதால் விழுங்கணுவுக்குச் சட்டென்று அடையாளம் தெரிவதில்லை. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த வேதியியல். குமிழிக்குள் முதலில் அம்மோனியம் சல்பேட்டை வைத்தார்கள். அதிலிருந்து அம்மோனியா சவ்வு வழியாக வெளியேறும், உள்ளே அமிலம் மிஞ்சும். வெளியே இருக்கும் டோக்சோரூபிசின் மின்னேற்றம் இல்லாத நிலையில் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். போனதும் அமிலத்தில் மின்னேற்றம் பெற்று, சல்பேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடும், திரும்பி வர முடியாது. ஏறக்குறைய 100 நானோமீட்டர் அளவே உள்ள ஒரு குமிழிக்குள் 10,000 முதல் 15,000 மருந்து மூலக்கூறுகள். 1995 நவம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. டாக்சில் என்பது பெயர், அங்கே அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து இதுதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். சாதாரண டோக்சோரூபிசின் தெளிந்த சிவப்பு, ஒளி நேராக ஊடுருவும். லிப்போசோமில் அடைத்தது சற்றுக் கலங்கிய சிவப்பு, ஏனென்றால் உள்ளே மிதக்கும் கோடானுகோடிக் குமிழிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அதை உப்பு நீரில் கலக்கக்கூடாது, குளுக்கோஸ் நீரில்தான் கலக்க வேண்டும். வடிகட்டி வைத்த குழாயில் செலுத்தக்கூடாது.

இனி கட்டிக்குள் போகும் வழி. 1986இல் ஜப்பானின் குமமோட்டோவில் மாட்சுமுரா, மயேதா இருவரும் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். புற்றுக்கட்டி அவசர அவசரமாக வளர்வதால் அதன் ரத்தக்குழாய்கள் ஒழுங்காக அமைவதில்லை, சுவரில் இடைவெளிகள் இருக்கும். கழிவு வெளியேறும் நிணநீர் வழியும் சரியாக இருக்காது. ஆகவே நுண்துகள் உள்ளே கசியும், கசிந்தது அங்கேயே தங்கும். நல்ல திசுவில் இடைவெளி இல்லாததால் அங்கே போகாது. எலிகளில் இது அழகாக நடந்தது. அடுத்த 30 ஆண்டுகளில் வெளிவந்த நானோ மருந்து ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தின் மேல் கட்டப்பட்டவை.

பிறகு ஒருவர் கணக்குப் பார்த்தார். டொராண்டோவில் வாரன் சான் குழுவினர் பத்தாண்டுகளில் வெளியான 117 ஆய்வுகளை எடுத்து, ஊசியில் செலுத்திய துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று 2016இல் எழுதினார்கள். நடு அளவு 0.7 விழுக்காடு. நூற்றில் ஒன்றுகூட இல்லை. அதே குழு 2020இல் இன்னொன்றும் சொன்னது. துகள்கள் பெரும்பாலும் இடைவெளி வழியாகக் கசிவதே இல்லை, ரத்தக்குழாய்ச் சுவரின் அணுக்கள் தாங்களே எடுத்து உள்ளே கடத்துகின்றன. மயேதா சொன்னது முழுத் தவறு என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதை நம்பி வரைந்த படங்களை இனி அப்படியே பாடமாக நடத்த முடியாது.

அப்படியானால் டாக்சிலால் என்ன பயன்? கேட்க வேண்டிய கேள்விதான். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களில் ஒரு பாதிக்குச் சாதாரண மருந்தையும் மறு பாதிக்கு லிப்போசோம் வடிவத்தையும் கொடுத்தார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் லிப்போசோம் பெற்றவர்களின் இதயம் வெகுவாகத் தப்பியது. முடி கொட்டுவதும் வாந்தியும் குறைந்தன. பதிலுக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து, தோல் உரிந்து, சட்டி தூக்கவும் நடக்கவும் முடியாமல் ஆவது அதிகமாயிற்று. ரத்தத்தில் நெடுநேரம் சுற்றும் குமிழி தோலிலும் போய்ச் சேருகிறது.

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். நானோ மருந்தேந்தி இதுவரை நமக்குத் தந்த பெரிய கொடை, புற்றை இன்னும் பலமாக அடித்தது அல்ல, நோயாளியைக் குறைவாக அடித்தது. செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கு இது பெரிது. சிகிச்சை முடிந்து பத்தாண்டு கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காத ஒரு பெண்ணுக்கும் இது பெரிது.

அப்ராக்ஸேன் கதையும் இதே பாடத்தைச் சொல்லும். பேக்லிடாக்சல் என்ற மருந்து நீரில் கரையாது. அதைக் கரைக்க ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். மருந்தைவிடக் கரைப்பானுக்கே பலருக்கு ஒவ்வாமை வந்தது. 2005இல் வந்த அப்ராக்ஸேனில் மருந்தை நம் ரத்தத்திலேயே உள்ள அல்புமின் புரதத்தோடு 130 நானோமீட்டர் துகளாகச் சேர்த்தார்கள். கரைப்பானுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

சும்மா கசிந்து போவதை நம்பாமல், துகளின் மேல் புற்றணுவை அடையாளம் காணும் ஒரு பொருளை ஒட்டி அனுப்பினால் என்ன என்று அடுத்துக் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பின்னால் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். எல்லாப்பிரகடா சுப்பாராவ், 1895இல் அன்றைய மதராஸ் மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை அரங்கில் கதர் அங்கி அணிந்ததால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான சான்றிதழ்தான் கிடைத்தது என்று அவர் வரலாற்றில் வரும். அமெரிக்காவில் லெடர்லி நிறுவனத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதைப்போலவே தோற்றமளித்து அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் தயாரித்தது. சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, நோய் தற்காலிகமாகத் தணிவதை 1948 ஜூனில் உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

வேகமாகப் பெருகும் அணுவுக்கு ஃபோலேட் அவசியம் என்பதுதான் அந்த மருந்தின் அடிப்படை. பிற்காலத்தில், கருப்பைப் புற்றுகள் சிலவற்றிலும் சினைப்பைப் புற்றுகள் பலவற்றிலும் ஃபோலேட்டைப் பிடிக்கும் ஏற்பிகள் அணுவின் மேற்பரப்பில் மிகுதியாக இருப்பது தெரிந்தது. ஃபோலேட்டையே துகளின் மேல் ஒட்டி அனுப்பினால் புற்றணு அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று ஆயிரக்கணக்கில் ஆய்வுகள் நடந்தன. சோதனைக் குழாயில் வெற்றி, எலியில் வெற்றி. மனிதரிடம் வந்தபோது பெரும்பாலும் ஏமாற்றம். ஃபோலேட் மட்டுமல்ல, மற்ற இலக்குகளுக்கும் இதே கதி. உலகப் புகழ்பெற்ற ராபர்ட் லாங்கர் தோற்றுவித்தவர்களில் ஒருவராக இருந்த பைண்ட் நிறுவனம், புரோஸ்டேட் புற்றைக் குறிவைத்த நானோ துகளோடு பெரும் எதிர்பார்ப்பில் கிளம்பியது. 2016இல் திவாலானது. மார்பகப் புற்றின் ஹெர்2 ஏற்பியைக் குறிவைத்த லிப்போசோம் ஒன்றின் ஆய்வும் அதே ஆண்டு நிறுத்தப்பட்டது.

ஒட்டும் பொருள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், துகள் முதலில் கட்டியின் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும். சேர்வதே நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றால் கூர்மைக்கு வேலை எங்கே? இதில் முந்திக்கொண்டது நானோ துகளைவிட மிகச் சிறிய வடிவம்தான், அதாவது எதிர்ப்புப் புரதத்தோடு மருந்தை நேரடியாகக் கட்டி அனுப்புவது. ஹெர்2 மார்பகப் புற்றுக்கு 2013இலும் 2019இலும் அப்படி இரண்டு மருந்துகள் வந்தன. ஃபோலேட் ஏற்பியைக் குறிவைத்து 2022 நவம்பரில் சினைப்பைப் புற்றுக்கு ஒன்று வந்தது. சுப்பாராவ் இறந்து 74 ஆண்டுகளுக்குப் பிறகு.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இந்த மேசையில் இருப்பது என்ன என்று முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. கெராங் என்ற சிப்பியின் ஓடு. குவே தியாவில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு நாம் குப்பையில் எறிவது. செர்டாங்கில் உள்ள மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில், கால்நடை மருத்துவப் பேராசிரியர் முகமட் சுக்கி அபு பாக்கார் குழுவினர் பல ஆண்டுகளாக இந்த ஓட்டிலிருந்து புற்றுநோய் மருந்தேந்தி செய்துவருகிறார்கள். ஓட்டைக் கழுவி, காயவைத்து, அரைத்து, சலித்து, பிறகு ஒரு சவர்க்காரத் தன்மையுள்ள பொருளோடு கலக்கியோ ஆலையில் நெடுநேரம் உருட்டியோ நானோ அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஓடு ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட், அதிலும் அரகோனைட் என்ற படிக வடிவம். அந்தத் துகள்களில் அவர்கள் ஏற்றிய மருந்துகளில் ஒன்று நம் சிவப்பு டோக்சோரூபிசின்.

ஏன் ஓடு? இதோ, அரைத்த ஓட்டுப் பொடியின் மேல் லீமாவ் காஸ்தூரி சாறு ஒரு சொட்டு விடுகிறேன். நுரைப்பதைப் பாருங்கள். புளிப்பில் ஓடு கரைகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. ரத்தத்தின் பிஎச் 7.4, அதில் இந்தத் துகள் நிலைத்திருக்கும். ஆனால் புற்றுக்கட்டியைச் சுற்றியுள்ள இடம் சற்றுப் புளிப்பானது. புற்றணு சர்க்கரையை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலத்தைக் கக்குகிறது என்று ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். துகளை அணு விழுங்கிவிட்டால், உள்ளே அது போய்ச் சேரும் பை இன்னும் புளிப்பு, பிஎச் 5 வரை இறங்கும். அங்கே ஓடு கரைந்து மருந்தை விடும். மிஞ்சுவது கால்சியம், உடம்புக்குப் பழக்கமான பொருள். குழாய்ச் சோதனைகளில் 7.4இல் மருந்து மெதுவாகவும் அமிலத்தில் வேகமாகவும் வெளியேறியதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். மார்பகப் புற்றணுக்களிலும் எலும்புப் புற்றணுக்களிலும் சோதித்திருக்கிறார்கள். நாய்களுக்குக் கொடுத்து நச்சுத்தன்மையும் பார்த்திருக்கிறார்கள்.

பெருமைப்பட வேண்டிய வேலை. விலையில்லாத கழிவிலிருந்து, நம் கடற்கரைப் பொருளிலிருந்து, நம் ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது. நம் பக்கத்திலேயே, ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுண்துளைச் சிலிக்கா துகள்களில் இபுப்ரோஃபன் மருந்தை ஏற்றி வெளிவிடும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் பெருமைக்காக உண்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கெராங் துகளும் அதே கல்லீரலைக் கடக்க வேண்டும். மனிதரில் மூன்று கட்டச் சோதனையையும் கடக்க வேண்டும். அதற்கு ஆகும் பணம் ஒரு பல்கலைக்கழகத் துறையின் கையில் இருப்பதில்லை. ஒவ்வொரு தொகுதியும் ஒரே அளவில், ஒரே தூய்மையில் தயாராக வேண்டும். கடலில் வளரும் சிப்பியில் கன உலோகங்கள் சேரும் என்பதால் அதையும் கண்காணிக்க வேண்டும். ஆய்வாளர்கள் இதை அறிவார்கள். முதலீடு செய்யக்கூடிய நிலையில் இந்த அவையில் யாராவது இருந்தால், அடுத்த மாடிவீட்டுத் திட்டத்துக்கு முன் இதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

தயாரிப்புத் திறன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில் டாக்சில் தயாரிப்பு தடைப்பட்டுக் கடும் தட்டுப்பாடு வந்தபோது, 2012 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு இந்தியாவின் சன் ஃபார்மா தயாரித்த லிப்போடாக்ஸை அவசரமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது. அடுத்த ஆண்டு சன் ஃபார்மாவின் மருந்துக்கு முறையான அனுமதியே கிடைத்தது. விற்ற நாட்டிடமே இல்லாத நேரத்தில், தயாரிக்கத் தெரிந்த நாடு கைகொடுத்தது.

நானோ என்றாலே சிலருக்குப் பயம். நம்மில் கோவிட் தடுப்பூசியாக ஃபைசர் போட்டுக்கொண்டவர்கள் அனைவர் கையிலும் நானோ கொழுப்புத் துகள்கள் ஏறியிருக்கின்றன. தடுப்பூசியின் செயல்பொருளான எம்ஆர்என்ஏவை அணுவுக்குள் கொண்டுபோனது அவைதான். பயத்தைவிட எனக்குக் கவலை தருவது எதிர்ப்பக்கம். நானோ மஞ்சள், நானோ நீர், நானோ துளி என்று ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள், வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. கீமோ வேண்டாம், இதைக் குடி என்கிறார்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் மால் என்று தொடங்கும் எண் இருக்கும். ஆனால் அந்த எண் இருந்தாலே புற்றைக் குணப்படுத்தும் என்று பொருள் ஆகாது, பாரம்பரிய மருந்துகளுக்கும் அந்தப் பதிவு உண்டு. இப்படிப்பட்ட துளிகளை நம்பி நான்கு மாதம், ஆறு மாதம் கழித்து, கட்டி வெடித்த நிலையில் திரும்பி வந்தவர்களுக்கு மருந்து கலந்திருக்கிறேன். அவர்களில் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். முடி கொட்டும் என்ற பயம், வேலை போகும் என்ற பயம், பிள்ளைகளைப் பற்றிய கவலை எல்லாமே உண்மையானவை. விற்றவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கடைசியாக, இந்த ஓட்டைப் பற்றியே இன்னும் ஒன்று. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதுபோன்ற ஓட்டைச் சுட்டுச் செய்வதுதான். பாக்கோடு சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை ஏறி, பாக்கிலுள்ள பொருள்கள் உள்தோலைக் கெடுக்கும் தீவிர மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். புகையிலை இல்லாத தாம்பூலமும் புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

இந்நாட்டில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடம்தான் மிகுதி, அதிலும் பெண்களிடம். 1970களிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ராமநாதன் இதை எழுதினார். 1993-94இல் நாடு முழுவதும் நடந்த வாய் ஆய்விலும் புற்றுக்கு முந்திய புண்கள் இந்தியர்களிடமே அதிகம் காணப்பட்டன. இதற்குப் பின்னால் இருப்பது, தோட்டத்தில் பால்மரம் சீவப் போகும் விடியற்காலையில் பசியை அடக்கப் பாட்டிகள் வாயில் ஒதுக்கிய வெற்றிலை. அந்தப் பாட்டிகளின் உழைப்பில்தான் நாம் படித்தோம்.

இந்த நோய்க்கு இன்று கையில் நானோ மருந்தேந்தி எதுவும் இல்லை. பெரும்பாலும் அறுவையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் கீமோவும்தான். ஆனால் கன்னத்தின் உள்பக்கத்தில் வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ இருக்கும்போதே பிடித்தால், பல சமயம் ஒரு சிறு அறுவையோடு முடிந்துவிடும். 0.7 விழுக்காட்டோடு போராட வேண்டிய நிலையே வராது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் வெற்றிலை போடும் அம்மாவோ பாட்டியோ அத்தையோ இருந்தால், இந்த மாதத்துக்குள் பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் மறுநாளே போங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் தீபாவளி கழியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். தென்பகுதி மக்களுக்கு இங்கே ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலேயே புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்தினர் பேக்கா பி40 திட்டத்தில் தகுதி பெற்றால், சிகிச்சையை முழுமையாக முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும் பயணச் செலவுக்கு உதவியும் கிடைக்கும், விண்ணப்பம் மருத்துவமனையிலேயே கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். தொடங்கிய கீமோவைப் பாதியில் நிறுத்தத் தோன்றினால், நிறுத்துவதற்கு முன் மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ ஒருமுறை பேசுங்கள். மாற்று வழிகள் இருக்கும்.